ஐந்து குமிழ் ஒரு மீட்டர்

ஆகஸ்ட் 6, ஞாயிறு

இன்று எனக்கு ஒரு அரிசிச் சாக்கு நிறைய பிளாக்ஸ் கிடைத்தது. ஒன்றின் மேல் ஒன்றாக அழுத்திப் பொருத்துகிற பிளாஸ்டிக் கற்கள். வீட்டு ஓனர் வசந்தாம்மாவின் மகன் சின்ன வயதில் விளையாடியவை. அவர் கனடா போய் ஆறு வருஷமாகிறது. பரணைச் சுத்தம் செய்தபோது சாக்கை இறக்கி எங்கள் வாசலில் வைத்தார் வசந்தாம்மா.

"பழைய சாமான்காரனுக்குப் போடலாம்னு பாத்தேன். நீயும் பள்ளிக்கூடம் விட்டு வந்தா செவுத்தப் பாத்துட்டே உக்காந்திருக்கற. வெச்சு வெளையாடு கண்ணு."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவதில்லை. நூலகப் புத்தகம் படிக்கிறேன். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தால்தான் வெளிச்சம் சரியாக விழும்.

எல்லாவற்றையும் இரண்டு வாளித் தண்ணீரில் கழுவி மொட்டை மாடியில் காயவைத்தேன். ஆயிரத்து நூற்று அறுபத்து நான்கு கற்கள். சக்கரங்கள் பதினான்கு. அவற்றில் ஒரே அளவு எட்டு.

என்ன கட்டுவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் லாரி.

ஆகஸ்ட் 9, புதன்

இரண்டு நாளாக அளவைப் பற்றியே யோசித்தேன். கற்களை எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம், டயரை மட்டும் நம்மால் செய்ய முடியாது. இருக்கிற டயருக்குத்தான் லாரி பணிய வேண்டும். என்னிடம் உள்ள டயரின் குறுக்களவு 4.2 சென்டிமீட்டர். உண்மை லாரி டயர் ஒரு மீட்டரும் ஐந்து சென்டிமீட்டரும். வகுத்தால் இருபத்தைந்து. கல்லின் மேலே இருக்கிற இரண்டு குமிழ்களுக்கு இடையே எட்டு மில்லிமீட்டர். இருபத்தைந்தால் பெருக்கினால் இருபது சென்டிமீட்டர். ஆகவே ஐந்து குமிழ் ஒரு மீட்டர்!

இதை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை முடிந்து எட்டு மணிக்குத்தான் வருவாள். அதுவரை வீட்டை அளந்தேன். எங்கள் அறை பதினைந்து குமிழ் அகலம். அம்மா கிட்டத்தட்ட எட்டு குமிழ். அப்பா ஏழு கற்களை அடுக்கிய உயரம்.

அம்மா வந்ததும் சொன்னேன். "அப்படியா சாமி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா போன் செய்வார். அம்மாவிடம் இரண்டு நிமிஷம், என்னிடம் பத்து நிமிஷம். போன மே மாதம் வரை நாங்கள் சங்ககிரியில் இருந்தோம். அப்பா வடக்கே லோடு கொண்டுபோய் இருபது நாளுக்கு ஒரு முறை வருவார், தெரு முனையில் லாரியை நிறுத்தி மூன்று முறை ஹாரன் அடிப்பார். ஜூனில் அம்மாவும் நானும் திருப்பூருக்கு வந்துவிட்டோம். அப்பா இன்னும் இந்த வீட்டைப் பார்க்கவில்லை. நார்த் லைனில் இப்போது வேலை அதிகம். இன்று என் குமிழ்க் கணக்கை அவரிடமும் சொன்னேன்.

"அப்பா, பன்னெண்டு சக்கரத்துக்கு என்கிட்ட எட்டு டயர்தானுங்க இருக்குது."

"முன்னால நாலு. பின்னால ரெட்ட டயருல உள்டயரு வெளிய தெரியாது. வெளி டயரு நாலு போதும் அம்மிணி."

"அது ஏமாத்தறதில்லீங்களா?"

"பக்கவாட்டுல பாக்கறவங்களுக்குத் தெரியாது" என்றார்.

நவம்பர் இருபத்து நான்காம் தேதி எங்கள் பள்ளிக் கண்காட்சி. அதில் என் லாரியை வைக்கப்போகிறேன், நீங்கள் நிஜ லாரியைப் பள்ளி வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், எல்லோரும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று சொன்னேன். "பாக்கலாம்" என்றார். அப்பா பார்க்கலாம் என்று சொன்னால் சரி என்றுதான் அர்த்தம்.

ஆகஸ்ட் 14, திங்கள்

எஸ்தர் மிஸ்ஸிடம் பெயர் கொடுத்தேன். தலைப்பு: பன்னிரண்டு சக்கர லாரி, இருபத்தைந்தில் ஒரு பங்கு. அப்பா லாரியோடு வருவதையும் சொன்னேன். மிஸ் அதை வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிட்டார்.

பக்கத்து பெஞ்ச் பிரகல்யா திரும்பிப் பார்த்தாள். ஜூனிலிருந்து இன்றுதான் அவள் என்னோடு முதன்முறையாகப் பேசினாள். "நெஜமாவே உங்கப்பா வருவாராடி? ஏறிப் பாக்க விடுவாரா?"

"விடுவார்" என்றேன். இன்று மதியம் நான்கு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

அம்மாவின் போனுக்கு அப்பா லாரிப் படம் அனுப்பினார். நாக்பூரில் எடுத்ததாம். நேர் பக்கவாட்டில், நான் கேட்ட மாதிரியே. பின்னால் பச்சைத் தகரக் கூரை போட்ட எடை மேடை, ஒரு வேப்பமரம்.

போன் திரையின் மேல் ஸ்கேலை வைத்து அளந்தேன். இரண்டாவது முன் டயரின் மையத்திலிருந்து முதல் பின் டயரின் மையம் வரை நான்கு டயர் தூரம். அந்தக் கணக்கில் சேஸிஸ் கட்டி முடித்தேன். அச்சுகள் சுற்றுகின்றன.

செப்டம்பர் 10, ஞாயிறு

சேஸிஸ் தப்பு. இன்று வந்த படத்தில் அதே தூரம் மூன்றரை டயர்தான் வருகிறது. மூன்று முறை அளந்தேன். இரண்டு வாரமாகக் கட்டியதை எல்லாம் பிரித்தேன்.

"கோணம் மாறியிருக்கும் சாமி. இது விஜயவாடால எடுத்தது" என்றார் அப்பா.

எடை மேடைக்கு எல்லா ஊரிலும் பச்சைக் கூரைதான் போடுவார்கள் போலிருக்கிறது.

செப்டம்பர் 24, ஞாயிறு

இந்தூர். நான்கேகால் டயர்.

நான் கணக்கில் மோசமில்லை. போன பரீட்சையில் தொண்ணூற்று ஆறு. அதனால் ஒரு வழி செய்தேன். மூன்று அளவையும் கூட்டி மூன்றால் வகுத்தேன். சராசரி எடுத்தால் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்று அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது. சேஸிஸை மூன்றாவது முறையாகக் கட்டினேன்.

படத்தில் வேப்பமரம் இருக்கிறது. கிளை ஒன்று முறிந்திருக்கிறது. விஜயவாடா படத்திலும் அதே பக்கம் முறிந்திருந்தது.

நாளைக்குக் காலாண்டு விடுமுறையா என்று வசந்தாம்மா கேட்டார். இன்னும் இல்லை என்றேன். விடுமுறை வராமல் இருந்தாலும் பரவாயில்லை.

அக்டோபர் 4, புதன்

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. யாரும் எங்கே போனாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல ஒன்றுமில்லை.

அக்டோபர் 15, ஞாயிறு

அம்மா மாத்திரைகளையும் முறுக்கையும் ஒரு டப்பாவில் கட்டி ஓசூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தாள். அப்பாவுக்குத்தான்.

"அப்பா இந்தூர்ல இல்ல இருக்காரு?"

"ஓசூருல அவங்க ஆபீசு இருக்குதல்ல. அங்கிருந்து வடக்க போற வண்டில குடுத்து விடுவாங்க."

நல்ல ஏற்பாடு. முறுக்கு கெடாது.

கேபின் முடிந்தது. மஞ்சள் கற்கள் போதவில்லை, கூரை மட்டும் சிவப்பு. வகுப்பில் எனக்கு இப்போது பெயரே லாரிதான். நான் நடந்து வந்தால் பிரகல்யா, "லாரி வருது, வழி உடுங்கடி" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பேசாமல் இருந்த நாட்களை விட இது தேவலை.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. அம்மா தன் நூல் வெட்டும் கத்திரியைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்துச் சாமி படத்தின் முன்னால் வைத்தாள். வசந்தாம்மா வீட்டில் கிரைண்டருக்கும் ஸ்கூட்டருக்கும் மாலை. நான் என் ஸ்கேலையும் பென்சிலையும் லாரியையும் வைத்தேன். லாரி மேல் குமிழ் குமிழாகச் சந்தனம் வைப்பது கஷ்டம்.

அப்பாவிடம் லாரிக்கு மாலை போட்ட படம் கேட்டிருந்தேன். பதினொரு மணிக்கு வந்தது. வாழைக்கன்று கட்டி மாலை போட்ட லாரிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் அதன் டிரைவர் சட்டையெல்லாம் சந்தனமாக நிற்கிறார். அப்பா எந்த லாரியின் முன்னாலும் இல்லை. ஓரமாக, கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார். கண்ணாடி போட்டிருக்கிறார். அப்பா கண்ணாடி போட்டு நான் பார்த்ததில்லை.

படத்தைப் பெரிதாக்கினேன். அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் மேல் செய்தித்தாள் விரித்து ஒரு டார்ச் லைட், ஒரு விசில், ஒரு பெரிய சாவிக்கொத்து, ஒரு நீள நோட்டு. நான்குக்கும் சந்தனம், குங்குமம், மேலே ஒரு செவ்வந்திப்பூ.

அவரவர் எதை வைத்து வேலை செய்கிறார்களோ அதைத்தான் பூஜைக்கு வைப்பார்கள்.

போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். பொரியும் கடலையும் நன்றாக இருந்தன.

அக்டோபர் 24, செவ்வாய்

இன்று எதுவும் கட்டவில்லை.

அக்டோபர் 29, ஞாயிறு

அப்பா போன் செய்தார். இப்போது எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவராகவே, "இப்ப போபால்ல இருக்கறேன்" என்றார். அங்கே குளிரா என்று கேட்டேன். ரொம்பக் குளிர் என்றார். பின்னால் ஒருவர் நம் ஊர்த் தமிழில், "அண்ணா, கேட்டத் தொறங்க!" என்று கத்தினார். அப்பா அவசரமாக வைத்துவிட்டார்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. அப்பா வரவில்லை. அம்மா எனக்குக் கத்தரிப்பூ நிறத்தில் பாவாடை எடுத்திருக்கிறாள். வசந்தாம்மா பலகாரத் தட்டோடு வந்து, "தீபாவளிக்குக்கூட வராத அப்படி என்ன லாரியோ! எங்க சொந்தத்துல டிரைவரெல்லாம் முந்தா நேத்தே வந்தாச்சு" என்றார். அம்மா தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உண்மைதான். டிரைவர்கள் எல்லோரும் லாரியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். அத்தனை லாரியும் ஒரே இடத்தில் நிற்கும். அப்படியானால் இன்றைக்குத்தான் அங்கே ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

மொட்டை மாடியில் உட்கார்ந்து மற்றவர்களின் வெடியை எண்ணினேன். இருநூற்றுக்கு மேல் விட்டுவிட்டேன். கண்காட்சிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. அப்பா வராமல் போனால் வகுப்பில் என்ன சொல்வார்கள் என்பதை நான் நினைக்கவில்லை. அவர் இனி வீட்டுக்கே வராமல் இருந்துவிடுவாரோ என்றுதான் பயம். லாரியோடு வர வேண்டும் என்று நானே அல்லவா சொல்லி வைத்திருக்கிறேன்.

நேராகக் கேட்கலாம். கேட்டால் அப்பா இன்னொரு ஊரின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும். அவரை இன்னொரு ஊர் சொல்ல வைக்கக் கூடாது.

நவம்பர் 15, புதன்

புதிதாக ஒன்று கட்டுகிறேன். வரைபடம் வேண்டியதில்லை, நான்கு படங்கள் இருக்கின்றன. பச்சைக் கற்கள் மொத்தம் முப்பத்தொன்பது, எடை மேடைக் கூரைக்குச் சரியாகப் போதும். வேப்பமரத்துக்குக் கிளை இடது பக்கம் மட்டும். சுற்றுச்சுவர் கலர் கலராக வரும், வேறு வழியில்லை. லாரியை அப்படியே உள்ளே நிறுத்திவிடலாம்.

நவம்பர் 18, சனி

அம்மாவுக்கு இன்று அரை நாள் வேலை. நான் கேட்டுக்குப் பக்கத்தில் ஏழு கல் உயரத்தில் ஒரு ஆளைக் கட்டிக்கொண்டிருந்தேன். சாக்கில் இருந்த பொம்மை மனிதர்கள் என் அளவில் ஒரு மீட்டர்தான் வருவார்கள், குழந்தை மாதிரி. அதனால் அப்பாவைக் கற்களில்தான் கட்ட வேண்டும். நீலச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. பக்கத்தில் வெள்ளை நாற்காலி.

அம்மா செருப்பைக் கழற்றாமலே நின்று பார்த்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"பூஜையன்னிக்கு. உனக்கு?"

"மே மாசமே." உட்கார்ந்தாள். "சர்க்கர வியாதி கண்ணுக்கு ஏறிருச்சு. லைசென்சு புதுப்பிக்கறப்ப கண்ணு டெஸ்ட்டுல முடியாதுன்னு தாட்டி உட்டாங்க. ஓசூருல லாரி நிறுத்தற யார்டுல காவலுக்கு இருக்காரு. பக்கத்துல வர்ற வண்டி நம்பரு தெரியுதாம், அது போதுமுன்னு வெச்சுக்கிட்டாங்க. புள்ளைக்குத் தெரிய வேண்டாம், அவ பள்ளிக்கூடத்துல டிரைவருன்னு பெருமையாச் சொல்லிட்டிருக்கான்னாரு. நா என்ன பண்ணட்டும்?"

"இங்க வந்து இருக்கலாமில்லம்மா?"

"வந்தா நீ லாரி எங்கீங்கப்பான்னு கேப்பியாமா."

அம்மா வேப்பமரத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு அம்மா, மரத்துக்குக் கீழே இன்னும் இரண்டு கல் வை, ஆடுகிறது என்றாள்.

நவம்பர் 19, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு யார்டின் படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். கீழே ஒரே வரி எழுதினேன்: 'வெள்ளிக்கிழமை கண்காட்சி. நீங்க மட்டும் வந்தாப் போதுங்கப்பா.'

இரண்டு நீலக் குறி உடனே விழுந்தது. பதில் இல்லை.

பத்து மணி. பதினொன்று. அம்மா துணி துவைத்துக் காயப்போட்டு வந்து, "வந்துச்சா?" என்றாள். நான் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேன். ஒரு பயிற்சியில் பத்து கணக்கு, பத்தும் தப்பு. மதியம் வழக்கமாக வரும் போனும் வரவில்லை. நான் செய்தது பெரிய தப்பு என்று நினைத்தேன். ஒருவர் மறைத்து வைத்ததைக் கற்களால் கட்டி அவருக்கே காட்டியிருக்கிறேன். நல்ல மகள் செய்கிற வேலையா இது?

மூன்றரை மணிக்குக் குரல் செய்தி வந்தது. அம்மாவும் நானும் போனுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து கேட்டோம். முதலில் வெறும் காற்று. பிறகு ஒரு லாரி ரிவர்ஸில் வருகிற பீப் பீப் சத்தம். பிறகு அப்பா:

"அம்மிணி, கேட்டு எத்தன குமிழு வெச்சிருக்கற? எண்ணிப் பாத்தா இருவதுதான் வருது. அது பதிமூணு அடி. பதிமூணு அடில பன்னெண்டு வீல் எப்படித் திரும்பும்? செவுத்துலதான் போயி முட்டும். நம்ம கேட்டு இருவது அடி. இப்பத்தான் டேப்பு புடிச்சு அளந்தேன். மாத்தி வெய்யி."

அம்மா முகத்தை முந்தானையில் வைத்துக்கொண்டாள். நான் கேட்டைப் பிரித்தேன். இருபது அடி, முப்பது குமிழ்.

நவம்பர் 21, செவ்வாய்

அப்பாவிடமிருந்து: அவருக்குப் பதிலாக நிற்க ஒருவர் கிடைத்திருக்கிறார், வெள்ளி இரவு வரைக்கும்.

நவம்பர் 24, வெள்ளி

காலை ஏழு மணிக்கு அப்பா வந்தார். டவுன் பஸ்ஸில் வந்து, தெரு முனையிலிருந்து வீட்டு நம்பரைக் கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, தடிக் கண்ணாடி, மெலிந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும், "வளந்துட்ட" என்றார். ஏழு குமிழ் கூட இல்லை நான். ஆனாலும் சரி என்றேன்.

கண்காட்சியில் என் மேசை கடைசி வரிசை. பக்கத்தில் எரிமலை, எதிரே காற்றாலை. கூட்டமெல்லாம் எரிமலைப் பக்கம்தான். அப்பா குனிந்து, மூக்கு கல்லில் படுகிற அளவுக்குக் கிட்டே போய் லாரியைப் பார்த்தார்.

"இது எந்த வண்டி? என்ற யார்டுல இப்படி ஒண்ணு இல்லையே."

"நீங்க அனுப்புன மூணையும் கூட்டி மூணால வகுத்ததுங்கப்பா."

அப்பா சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் சிரித்தார்.

பிரகல்யா இரண்டு பேரோடு வந்தாள். "எங்கடி லாரி? ரோடு வரைக்கும் போயிப் பாத்துட்டு வரோம், ஒரு மண்ணும் நிக்கல."

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா நிமிர்ந்தார். "லாரி வரல கண்ணு. நா இப்ப ஓட்டறதில்ல. கண்ணு சரியில்ல. லாரியெல்லாம் நிக்கற யார்டுல வாட்ச்மேனா இருக்கறேன்." அதை அவர் வருகைப் பதிவுக்குப் பெயர் சொல்வது மாதிரி சொன்னார்.

பிரகல்யா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "எத்தன லாரிங்க அங்கிள்?"

"நாப்பது. தீபாவளிக்கு அறுவது நின்னுச்சு."

"அத்தனைக்கும் நீங்க ஒருத்தரேவா?"

"ஒருத்தனேதான்."

"சாவியெல்லாம் உங்ககிட்டத்தான் இருக்குமா?"

"கேட்டுச் சாவி மட்டும்."

அவள் முழங்கையை மேசையில் ஊன்றி யார்டுக்குள் எட்டிப் பார்த்தாள். கூட வந்த இரண்டு பேரும் போன பிறகும் அவள் நின்றாள். எடை மேடையில் லாரியை எப்படி எடை போடுவார்கள் என்று கேட்டாள். அப்பா காலி லாரி, லோடு லாரி என்று விரலால் காட்டிக் காட்டிச் சொன்னார். முதல் பரிசு எரிமலைக்கு.

ஒரு மணிக்கு அப்பா கிளம்ப வேண்டும். சேலம் போய் அங்கிருந்து ஓசூர். அம்மா கண்காட்சியைப் பார்த்துவிட்டுக் கம்பெனிக்குத் திரும்பிவிட்டாள். மிஸ்ஸிடம் கேட்டு நான் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். அடுத்த மாதம் முதல் ஞாயிறு வருவேன் என்றார். ஊர்ப் பெயர் எதுவும் சொல்லவில்லை.

பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக உள்ளே வந்தன. அப்பா ஒவ்வொன்றின் நெற்றியையும் அண்ணாந்து பார்த்தார், பிறகு பக்கத்தில் நிற்பவர்களைப் பார்த்தார். "வெள்ள எழுத்துன்னு தெரியுது. என்ன எழுத்துன்னுதான் தெரிய மாட்டேங்குது" என்றார் மெதுவாக.

நான் வாசிக்க ஆரம்பித்தேன். தாராபுரம். கோபி. ஈரோடு. பழனி. மறுபடியும் ஈரோடு. அவிநாசி. பல்லடம். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

எட்டாவதாக வந்தது சேலம் வண்டி. அதை வாசிக்க எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று.